ஆற்றோரச் சுரங்கப்பாதை: அறிவியல் புனைவில் இந்த இடம் ஏன் இப்படி உறுத்துகிறது?

கரையோரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக ஒரு அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது.

கதையின் நடுவில் நாயகி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சுரங்க நடைபாதைக்குள் இறங்குகிறாள். மேலே எட்டு வழிச் சாலை, அதில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. பாதையின் நீளம் நாற்பது மீட்டர்தான், நடுவில் ஒரு திருப்பம். உள்ளே போகிறாள், வெளியே வருகிறாள். வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் கதை அங்கேதான் திரும்பியாக வேண்டும். வெளியே வருகிறவள் உள்ளே போனவள் இல்லை என்று படிக்கிறவருக்குத் தோன்ற வேண்டும்.

எழுதிப் பார்த்தால் இருட்டு, ஈரம், மூத்திர நாற்றம், சுவர்க் கிறுக்கல் என்று சாமான் பட்டியல் மாதிரி வருகிறது. பயமாகவும் இல்லை, அர்த்தமாகவும் இல்லை.

எனக்குத் தோன்றியது இது. ஆறு மிகப் பழையது. மேலே ஓடும் சாலை எதிர்காலம். இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நடப்பவர் மட்டும் எதிலும் சேர்த்தி இல்லை. குறியீடாக இது சரியா? இல்லை, எழுதுகிறவனுக்கு மட்டும் பிடித்துப்போன ஒரு விளக்கமா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

---

விண்கல்

சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுரங்கப்பாதைக்குள் போய் வேறு உலகத்தில் வெளிவரும் கதைகளைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. வாசல், கருப்பை, கல்லறை என்று எந்தப் பெயர் கொடுத்தாலும் அந்த வேலையைக் குகை ஏற்கெனவே செய்துவிட்டது.

உங்கள் கதைக்கு ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். அந்த அத்தியாயத்திலிருந்து ஆற்றை அடித்துவிட்டுப் படியுங்கள். கதை அப்படியே நின்றால் ஆறு வெறும் அலங்காரம். ஆற்றை எடுத்ததும் கதை சரிந்தால், உங்களிடம் உண்மையிலேயே ஒரு இடம் இருக்கிறது. இப்போது நீங்கள் சொன்ன விளக்கத்தில் ஆற்றுக்குப் பதில் ரயில் பாதையைப் போட்டாலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

---

நிழற்கோடு

விண்கல் சொல்லும் சோதனை நல்ல சோதனை. அதில் தேறிய ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'அ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' (1971). தொடக்கத்திலேயே ஒரு சுரங்க நடைபாதைக் காட்சி வரும். வீடற்ற முதியவர் ஒருவர் உள்ளே படுத்துக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறார். நான்கு இளைஞர்கள் நுழைகிறார்கள். விளக்கு அவர்களுக்குப் பின்னால் இருப்பதால் முதலில் வருவது நீண்ட நிழல்கள்தான், ஆட்கள் அப்புறம்தான். லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் பாலத்தை அடுத்த ஒரு சாலை வட்டத்தின் கீழே எடுத்தார்கள். படத்துக்காகப் போட்ட செட் கிடையாது, ஜனங்கள் தினமும் நடந்துகொண்டிருந்த பாதை.

பலர் அந்த அடிதடியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் அந்த முதியவர் பேசுவதுதான் முக்கியம். நிலவில் மனிதர்கள் இருக்கிறார்கள், பூமியைச் சுற்றிப் பறக்கிறார்கள், ஆனால் கீழே சட்டம் ஒழுங்கைக் கவனிக்க ஆள் இல்லை என்று புலம்புவார். விண்வெளிக் காலத்தைப் பற்றிய பேச்சு அந்தப் படத்தில் ஒரு சுரங்கப்பாதையின் தரையில் கிடப்பவரிடமிருந்து வருகிறது! அது எதிர்காலத்தைப் பற்றிய படம் என்பதை எனக்கு விண்கலம் சொல்லவில்லை, அந்தச் சிமெண்ட் தரைதான் சொன்னது.

அப்புறம் ஆறு. கதையின் பிற்பகுதியில் அந்த நால்வரின் தலைவன் வன்முறையே செய்ய முடியாதவனாக ஆக்கப்பட்டு, போக்கிடம் இல்லாமல் தேம்ஸ் கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறான். அங்கே அதே முதியவர் வருகிறார், அடையாளம் கண்டுகொள்கிறார். மற்ற முதியவர்களும் சேர்ந்துகொண்டு இவனை அடிக்கிறார்கள். முதல் முறை அவன் நிழலாக நுழைந்தவன். இரண்டாவது முறை ஆற்றோரத்தில் அவன் வெறும் உடம்பு. ஆறு அங்கே கணக்கைத் திருப்பித் தருகிற இடம். அதை எடுத்துவிட்டால் பழிவாங்கல் மிஞ்சும், அந்தத் திரும்பி வருதல் போய்விடும்.

---

கரையோரன்

நிழற்கோடு, அந்த முதியவரின் பேச்சை நான் மறந்தே போயிருந்தேன். நன்றி.

விண்கல், உங்கள் சோதனையை நேற்று இரவே செய்து பார்த்தேன். ஆற்றை அடித்தேன். கதை நின்றது. அதாவது நான் தோற்றேன்.

---

எதிரொலி

நான் ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன். காதால் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

நாற்பது மீட்டர் பாதை, நடுவில் திருப்பம் என்கிறீர்கள். அப்படியென்றால் நுழையும்போது எதிரே இருபது மீட்டரில் ஒரு சுவர் நிற்கிறது. காலடிச் சத்தம் அங்கே போய்த் திரும்பி வர நாற்பது மீட்டர் பயணம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆக, உங்கள் காலடி 0.12 நொடி கழித்து உங்களிடமே திரும்பி வரும். சாதாரண நடையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை நொடி இருக்கும். திரும்பி வரும் சத்தம் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. உங்கள் நடையோடு இன்னொருவர் நடப்பது போலவே கேட்கும்.

இனி நடந்து போங்கள். பத்து மீட்டர் போனதும் தாமதம் 0.06 நொடியாகக் குறைந்துவிடும். அந்த இன்னொருவர் நெருங்குகிறார். இன்னும் போனால் இரண்டு சத்தத்தையும் காதால் பிரிக்க முடியாது, ஒன்றாகிவிடும். திருப்பத்துக்கு வந்து எட்டிப் பார்க்கிறீர்கள். யாரும் இல்லை.

இதற்குப் பேய் வேண்டாம், இயற்பியல் போதும். உங்கள் நாயகி எந்த இடத்தில் உறைந்து நிற்பாள் என்பதை மீட்டர் கணக்கில் எழுதலாம். மார்க் ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் இந்த வகை உறுத்தலை இரண்டாகப் பிரித்தார். ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ ஒன்று இருப்பது, ஏதாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போவது. திருப்பத்துக்கு முன்னால் முதல் வகை, திருப்பத்தைத் தாண்டியதும் இரண்டாவது வகை. ஒரே பாதையில் இரண்டும் கிடைக்கின்றன.

இன்னொன்று. பக்கச் சுவர்கள் இரண்டும் இணையாக, வழவழப்பாக இருந்தால் கைதட்டும்போது 'ட்ர்ர்ங்' என்று ஒரு உலோக அதிர்வு கிளம்பும். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சத்தம் பந்து மாதிரி அடித்துக்கொள்வதால் வருவது. எந்த ஒலிவாங்கியைக் கொண்டுபோனாலும் அதை மறைக்க முடியாமல் திண்டாடுவோம். எழுத்தில் அதை யாரும் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை.

---

செவ்வந்தி

எதிரொலி எழுதியதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அந்த இன்னொருவரை எனக்கு நன்றாகத் தெரியும். இரவுப் பணி முடிந்து பல ஆண்டுகள் இப்படி ஒரு பாதையில்தான் வீட்டுக்குப் போனேன்.

இறங்குவதற்கு முன் மேல் படியிலேயே நின்று ஒரு நிமிடம் கேட்பேன். உள்ளே பேச்சுச் சத்தம் இருந்தால் பயம் குறைவு. சத்தமே இல்லாவிட்டால்தான் காத்திருப்பேன், பின்னால் யாராவது குடும்பமாக வந்தால் அவர்களோடு இறங்குவேன். திருப்பத்தில் ஒரு குவியாடி மாட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் தெரியும் வளைந்த பிம்பத்தை வைத்து, அங்கே நிற்பது ஆளா குப்பைத்தொட்டியா என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் அது உடைந்துபோனது. மறுபடி யாரும் மாட்டவில்லை. அன்றிலிருந்து மேலேயே, வண்டிகளுக்கு நடுவில் ஓடிச் சாலையைக் கடந்தேன். அது இதைவிட ஆபத்து என்று தெரிந்தே செய்தேன்.

அதனால் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குறியீட்டைப் பேசும்போது இந்தப் பாதை யாருக்காக, ஏன் தோண்டப்பட்டது என்பதை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் 1963இல் காலின் புக்கனன் தலைமையில் ஒரு அறிக்கை வந்தது. நகரங்களில் கார்கள் பெருகும்போது வண்டிகளையும் நடப்பவர்களையும் வேறு வேறு தளங்களில் பிரிப்பது பற்றி விரிவாகப் பேசியது. அந்தக் காலத் திட்டமிடலில் பல நாடுகளிலும் வண்டி தரையிலேயே இருந்துகொண்டது, நடப்பவர்தான் மேலே பாலத்துக்கோ கீழே பள்ளத்துக்கோ போனார். வண்டி நிற்கக் கூடாது என்பதற்காக மனிதர் இறங்கினார்.

இதுவே ஒரு அறிவியல் புனைவுக்கான முன்கதை இல்லையா? தரை யாருக்குச் சொந்தம் என்று முடிவாகிவிட்ட உலகம். எச்.ஜி. வெல்ஸ் 1895இல் 'தி டைம் மெஷின்' எழுதினார். அதில் பூமிக்கு அடியில் வாழும் இனம் எப்படி உருவாகியிருக்கும் என்று காலப்பயணி யோசிக்கும்போது தன் காலத்து லண்டனைத்தான் நினைக்கிறான். நிலத்தடி ரயில்கள், சுரங்க நடைபாதைகள், நிலத்தடி வேலைக்கூடங்கள் என்று சொல்கிறான். எட்டு லட்சம் ஆண்டுக்கு அப்பால் உள்ள பயங்கரம் அவன் தினமும் பார்த்த படிக்கட்டில்தான் தொடங்குகிறது.

கரையோரன், உங்கள் நாயகி பயப்படுகிறாளா? எதற்குப் பயப்படுகிறாள்? பாதையைப் பார்த்தா, பாதையில் வரக்கூடிய ஆளைப் பார்த்தா? அது தெரியாமல் அவளை உள்ளே அனுப்பாதீர்கள்.

---

விண்கல்

செவ்வந்தி அக்கா சொன்னதற்கு அப்புறம் 'சலித்துவிட்டது' என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இடம் சலிக்கவில்லை. வாசலாக மட்டும் அதைப் பயன்படுத்துவதுதான் எனக்குச் சலித்தது.

ஆனால் ஆறு? இன்னும் யாரும் ஆற்றைத் தொடவில்லை.

---

மதகு

நான் தொடுகிறேன். கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன், ஓய்வு பெற்றுவிட்டேன். கதை எழுதத் தெரியாது, படிக்கப் பிடிக்கும்.

ஆற்றோரத்தில் தோண்டுகிற சுரங்கப்பாதை ஒரு படகு. உவமைக்காகச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள்.

கான்கிரீட் பெட்டி ஒன்றை மண்ணுக்குள் வைக்கிறீர்கள். வெளி அகலம் 5 மீட்டர், வெளி உயரம் 4 மீட்டர், சுவர் கனம் 40 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு அது அடைத்துக்கொள்ளும் இடம் 20 கன மீட்டர். ஆற்றோரத்தில் நிலத்தடி நீர் பெட்டியின் கூரை மட்டத்துக்கு ஏறிவிட்டால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி தண்ணீர் அதை 20 டன் அளவுக்கு மேலே தள்ளும். பெட்டியின் கான்கிரீட் எவ்வளவு? சுமார் 6.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.4 டன் என்றால் எடை 16 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தள்ளுவது 20, அழுத்துவது 16. சும்மா விட்டால் மிதந்து மேலே வரும். அதனால்தான் மேலே மண்ணை நிரப்பி அழுத்துகிறோம், அடித்தளத்தை இரண்டு பக்கமும் அகலப்படுத்தி அதன் மேல் மண் உட்காரும்படி செய்கிறோம், அதுவும் போதாவிட்டால் கீழே பைல் எனும் ஆழத் தூண்களை இறக்கி இழுத்துக் கட்டுகிறோம். நங்கூரம் போட்ட படகுக்குள்தான் ஜனங்கள் நடந்து போகிறார்கள்.

இரண்டாவது, தண்ணீர். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இணைப்புகளில் கசியும். இரண்டு பக்கச் சரிவிலும் பெய்யும் மழை நேராக உள்ளேதான் வரும். பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தில், தரைக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கும். அதில் இரண்டு பம்பு. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும் மிதவை மேலே வந்து பம்பைப் போடும், இறைத்து முடிந்ததும் நிற்கும். நடந்து போகிறவர்கள் பலருக்கும் காலுக்குக் கீழே ஒரு கணம் 'ம்ம்ம்' என்று கேட்கும், மேலே லாரி போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆறு உயர்ந்தால் கரையோர நிலத்தடி நீரும் உயரும், ஆனால் உடனே இல்லை. மண்ணுக்குள் ஊறி வர நேரம் பிடிக்கும். ஆற்றில் வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகும் இங்கே கசிவு கூடிக்கொண்டே போகலாம். பம்பு ஓடும் இடைவெளியைக் கேட்டால், ஆறு சில மணி நேரத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியது ஆறு நிமிடமாகும், அப்புறம் நாலாகும்.

ஒருநாள் இரவு நான் பொறுப்பில் இருந்த ஒரு பாதையில் மின்சாரம் போயிற்று. மாற்று மின்னாக்கி ஓடவில்லை. டார்ச்சோடு உள்ளே நின்றேன். முதல் அரை மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு தரை மூடியின் துளைகள் வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. சத்தமே இல்லை. கறுப்பாக, பொறுமையாக, அந்த இடம் தன்னுடையது என்பது போல வந்தது. முப்பது ஆண்டில் வேறெதையும் பார்த்து நான் அப்படிப் பயந்ததில்லை.

தம்பி, உங்கள் கதையில் ஆறு வெளியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெளியே இல்லை. நாலு பக்கமும், காலுக்குக் கீழேயும் நிற்கிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் அதை வெளியே நிறுத்திவைக்கிறார்.

---

கரையோரன்

மதகு அண்ணா, இதை மூன்று முறை படித்தேன். நான் சுரங்கப்பாதையைக் கல்லறை என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதை மிதக்க ஆசைப்படும் படகாக்கிவிட்டீர்கள். என் கதை உலகத்தில் எல்லாம் தானாக ஓடுகிறது, மனிதர்கள் எதையும் தொடுவதில்லை. அப்படியானால் அந்தப் பம்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எழுதத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

---

ஏட்டுச்சுவடி

நல்ல இழை. தமிழ் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

குறியீட்டு இடம் என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, திணை என்று ஒன்று இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், மனநிலை உரிப்பொருள். நிலத்தைச் சொன்னாலே மனநிலையைச் சொன்னதாகிவிடும். ஆனால் பாலைக்கு மட்டும் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. ஐந்திணையில் அதை 'நடுவணது' என்று சொல்லிவிட்டு, நிலம் பகுக்கும்போது அதை விட்டுவிடுகிறார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துன்பம் தரும்போது பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று பிற்பாடு சிலப்பதிகாரம் விளக்குகிறது. சொந்த நிலம் இல்லாத திணை அது. இன்னொரு நிலம் கெட்டுப்போவதால் உண்டாவது. அதன் உரிப்பொருள் பிரிவு. அங்கே யாரும் வாழ்வதில்லை, கடந்து போகிறார்கள், வழிப்பறிக்கு அஞ்சிக்கொண்டே.

உங்கள் சுரங்கப்பாதை மருதம் திரிந்த பாலை. ஆறு இருக்கிறது, வயல் இல்லை. நிழல் இருக்கிறது, மரம் இல்லை.

சொல்லும் நம்மிடம் இருக்கிறது: சுருங்கை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குள் நுழையும்போது யானைக் கூட்டம் போகுமளவுக்குப் பெரிய 'சுருங்கை வீதி' வருகிறது. பரிபாடலில் வையை நீர் சுருங்கை வழியே பாய்வது யானை தும்பிக்கையால் உமிழும் நீர் போல இருக்கிறது. ஆறும் சுரங்க வழியும் ஒரே காட்சியில். இந்தச் சொல் கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்பதோடு தொடர்புடையது என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். அதற்குக் குழல் என்றும் பொருள் உண்டு, ஊதுகிற குழல். எதிரொலி சொன்ன ஒலிக்கணக்கைப் படித்தபோது இது நினைவுக்கு வந்து மகிழ்ந்தேன்.

---

நிழற்கோடு

ஏட்டுச்சுவடி ஐயா, 'மருதம் திரிந்த பாலை' அருமை. ஒரே ஒரு மறுப்பு. பாலையின் கொடுமை வறட்சி. இங்கே கொடுமையே ஈரம்தானே?

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் ஒரு நீண்ட சுரங்கக் குழாய் வரும். சுவரெல்லாம் சொட்டுகிறது, தரையெல்லாம் தண்ணீர். யார் முதலில் போவது என்று குச்சி எடுத்துப் பார்க்கிறார்கள், படத்தில் வரும் எழுத்தாளர் மாட்டிக்கொள்கிறார். அந்த நடையில் எதுவும் அவரைத் தாக்குவதில்லை. அவருடைய முதுகும், கால் தண்ணீரில் படும் சத்தமும், அடிக்கடி திரும்பிப் பார்ப்பதும்தான் காட்சி. எஸ்தோனியாவில் ஒரு ஆற்றங்கரையின் கைவிடப்பட்ட நீர்மின் நிலையங்களைச் சுற்றித்தான் படத்தின் பெரும்பகுதியை எடுத்தார்கள். தண்ணீர் அங்கே தன் இடத்தை ஏற்கெனவே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. மதகு ஐயா அரை மணி நேரம் பார்த்ததை அந்தப் படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பார்க்கிறது.

இன்னொரு ஈரம், போங் ஜூன்-ஹோவின் 'தி ஹோஸ்ட்' (2006). தென்கொரியாவின் சோல் நகரில், ஆற்றிலிருந்து வரும் ஒரு ராட்சத விலங்கு தான் பிடித்த சிறுமியை ஹான் ஆற்றங்கரை வடிகாலில்தான் கொண்டுபோய் வைத்திருக்கும். படம் தொடங்குவதே ஒரு ராணுவப் பிணவறையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றச் சொல்லும் காட்சியோடு. 2000ஆம் ஆண்டு அந்த நகரத்தின் அமெரிக்க ராணுவத் தளத்தில் உண்மையாகவே அப்படி ஊற்றிய சம்பவம் நடந்தது. கீழே ஊற்றியது கரை வழியே மேலே வருகிறது.

---

ஏட்டுச்சுவடி

ஏற்கிறேன். வறட்சியை நான் பாலையின் உயிராகச் சொல்லவில்லை, திரிதலைத்தான் சொன்னேன். தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது, குளிக்க முடியாது, பயிருக்கு விட முடியாது என்றால் அந்தத் தண்ணீர் திரிந்துவிட்டது. ஆனாலும் உங்கள் மறுப்பு என்னை யோசிக்க வைக்கிறது. கடற்கரையின் நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள். இந்த இடத்தில் பிரிவும் இரங்கலும் கலந்திருக்கின்றனவோ? உறுதியாகச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

---

செவ்வந்தி

விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் போன பாதையில் முதலில் ஆரஞ்சு விளக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில் என் சிவப்புச் சேலை கரி நிறமாகத் தெரியும், கையைப் பார்த்தால் யாருடைய கையோ மாதிரி இருக்கும். அப்புறம் வெள்ளை எல்.இ.டி. மாற்றினார்கள். எல்லோரும் இப்போது பயமில்லை என்றார்கள். எனக்கு அதிகமாகத்தான் ஆனது. முன்பு எதுவும் சரியாகத் தெரியாததால் பயம். இப்போது எல்லாம் தெரிகிறது, அங்கே ஒருவரும் இல்லை என்பதும் தெரிகிறது.

---

மதகு

அது குறைவழுத்த சோடியம் விளக்கு அம்மா. கிட்டத்தட்ட ஒரே ஒரு அலைநீளம்தான் வரும், 589 நானோமீட்டர். வேறு நிறமே அதில் இல்லாததால் சிவப்பும் நீலமும் வெறும் கறுப்புச் சாயலாகிவிடும்.

கரையோரனுக்கு ஒரு தகவல். நீண்ட சாலைச் சுரங்கங்களில் நுழைவாயில் பகுதிக்குப் பகலில்தான் அதிக வெளிச்சம் கொடுப்போம், இரவில் குறைப்போம். வெயிலிலிருந்து வரும் கண் சட்டென்று பழகாது, வாயில் கறுப்புப் பள்ளமாகத் தெரியும். உங்கள் நாயகியைப் பகலில் இறக்கிப் பாருங்கள். இரவைவிட அந்த முதல் நாலு அடி மோசம்.

கூரையில் வெள்ளைக் குச்சி மாதிரி தொங்குமே, அதையும் எழுதலாம். கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து சொட்டி, காற்றுப் பட்டுக் கல்லாவது. குகையில் நூற்றாண்டுகள் பிடிப்பது இங்கே சில ஆண்டுகளில் விரல் நீளத்துக்கு வளர்ந்துவிடும். புதுக் கட்டடத்துக்குள் பழங்காலம் வேகமாக ஓடுகிறது.

---

விண்கல்

கடைசியாக நானும் ஒன்று தருகிறேன், இவ்வளவு நேரம் கேள்வி மட்டும் கேட்டேன்.

கப்பல் போகும் ஆற்றுக்கு அடியில் தோண்டிய முதல் சுரங்கம் லண்டனின் தேம்ஸ் சுரங்கம். மார்க் புரூனெல் 1825இல் தொடங்கினார். 1827இல் ஆறு உள்ளே புகுந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, பயமில்லை என்று காட்டுவதற்காக அதே ஆண்டு நவம்பரில் சுரங்கத்துக்குள் மேசை போட்டு, இசைக்குழு வைத்து விருந்து நடத்தினார்கள். இரண்டு மாதத்தில், 1828 ஜனவரியில், ஆறு மறுபடி புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். வேலை ஏழு ஆண்டு நின்றது. 1843இல் ஒருவழியாகத் திறந்தபோது வண்டி போகச் சரிவுப் பாதை கட்டப் பணம் இல்லை, ஜனங்கள்தான் நடந்தார்கள்.

அந்த விருந்து என்னை விடமாட்டேன் என்கிறது. தலைக்கு மேல் ஆறு, கீழே வெள்ளை மேசைவிரிப்பு. மதகு ஐயாவின் பதிவுக்கு அப்புறம் நாமெல்லோரும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதாகவே படுகிறது.

---

கரையோரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து திருப்பி எழுதினேன். சின்னப் பகுதியைப் போடுகிறேன், பிழை இருந்தால் அடியுங்கள்.

"வெயிலிலிருந்து இறங்கியதும் கண் போய்விட்டது. காதால் நடந்தாள். யாரோ எதிரே வந்தார்கள், அவள் நடந்தால் நடந்தார்கள், நின்றால் நின்றார்கள். திருப்பத்தில் இருவரும் ஒருவராகி, யாரும் இல்லாமல் போனார்கள். அங்கேதான் காலுக்குக் கீழே அது முனகியது. நின்றது. அவள் எண்ணத் தொடங்கினாள். நானூற்றுப் பத்தில் மறுபடி முனகியது. பிறகு முந்நூற்று அறுபதில். பிறகு முந்நூற்று நாற்பதில். ஆறு நேற்றே வடிந்துவிட்டதாகக் காலையில் எல்லாத் திரைகளும் சொல்லியிருந்தன. மேலே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இடைவெளியில், யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் மறுபக்கத்திலிருந்து அவள் கையில் சாய்ந்திருந்தது."

செவ்வந்தி அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில்: உள்ளே போகும்போது அவள் ஆளுக்குப் பயப்படுகிறாள். வெளியே வரும்போது அங்கே ஒரு ஆள் இருந்திருக்கக் கூடாதா என்று தவிக்கிறாள். ஆற்றை அடித்துப் பார்த்தேன் விண்கல், இந்த முறை ஒரு வரிகூட நிற்கவில்லை.

---

செவ்வந்தி

அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். அதை விட்டுவிடாதீர்கள்.

---

எதிரொலி

'காதால் நடந்தாள்' என்ற வரிக்கு நன்றி.

---

மதகு

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஒரே ஒரு திருத்தம். தொட்டியில் இரண்டு பம்பு என்று சொன்னேன் இல்லையா? இரண்டும் ஒரே அளவு தேயட்டும் என்று மாற்றி மாற்றித்தான் ஓடவிடுவோம், இந்த முறை இது, அடுத்த முறை அது. ஒரே மாடலாக இருந்தாலும் கொஞ்ச நாள் ஓடினால் இரண்டுக்கும் குரல் வேறாகிவிடும். பழகிய காதுக்குத் தெரியும். உங்கள் பெண் அந்தப் பாதையில் தினமும் போகிறவள் என்றால் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

இடைவெளி குறைவதை அவள் எண்ணட்டும், அது சரி. ஆனால் அதே குரல் அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டால், ஒரு பம்பு செத்துவிட்டது என்று பொருள்.

---

கரையோரன்

முந்நூற்று நாற்பதிலிருந்து மறுபடி எழுதுகிறேன் அண்ணா.